வாளிக்குள் ஒரு கோப்பித் தோட்டம்

ஊவா மலைகளைத் தேயிலை பிடித்தது கோப்பி செத்த பிறகுதான். 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. இலைத்துரு நோய்! இருபது வருடங்களுக்குள் இலங்கையின் பெருந்தோட்டக் கோப்பி ஏறக்குறைய அழிந்தது. கோப்பி பறிக்க வந்தவர்களின் சந்ததி கொழுந்துக் கூடை சுமந்தது.

அதே கோப்பியை இன்று லயத்து வாசலில், பழைய பெயின்ட் வாளியில் வளர்க்கலாம். துருவின் வித்துகள் முளைக்க இலைமேல் ஈரம் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் மழையை யார் தடுப்பது? வாளியையோ அடைமழையில் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடலாம். தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றி, துரு கண்ட இலையை உடனே கிள்ளி எரித்தால் பெரும்பாலும் போதும்.

விதை பழையதானால் முளைக்காது. நன்கு சிவந்த பழத்தைப் பிதுக்கி, ஓரிரவு ஊறவைத்து வழுவழுப்பைக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். தட்டைப்பக்கம் கீழிருக்க நடுங்கள். முளைக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆணிவேர் சுருளாதிருக்க, நாற்றை ஆழமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியில் துளைகள் அவசியம்.

தேயிலைக் காட்டு மண்ணை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். கோப்பிக்கு அந்தப் புளிப்பு அதிகம். வீட்டுத்தோட்ட மண்ணோடு மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்தால் நல்லது. காலை வெயில் போதும். உச்சி வெயில் இலையைக் கருக்கும். ஜூன் தொடங்கி வீசும் வறண்ட காற்றுக்கு மறைப்புத் தேவை. உறைபனி இந்தச் செடிக்கு எமன். பதுளை, பண்டாரவளையில் அந்தப் பயம் குறைவு.

மூன்று நான்கு வருடங்களில் பூக்கும். வறட்சிக்குப் பின் பெய்யும் மழைதான் மொட்டைத் திறக்கும். வாளிச் செடிக்குச் சில வாரம் தண்ணீரைக் குறைத்து, பிறகு நன்றாக நனைத்தால் அதே வேலை நடக்கும். அரபிக்கா வகைக் கோப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் ஒற்றைச் செடி போதும். பூத்து ஏழெட்டு மாதத்தில் பழுக்கும். நாலைந்து அடியில் நுனியைக் கிள்ளினால் பறிப்பது எளிது.

ஒரு கிலோ கோப்பிக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். வாளிச் செடியால் வருமானம் வராது. வறுத்து இடித்தால் சில கோப்பை தேறும். முன்னோர் துரைமாருக்காகப் பறித்ததை, பேரப்பிள்ளைகள் தங்களுக்காகக் காய்ச்சிக் குடிக்கலாம்.