வீட்டின் பின்புறம் ஓர் அறை: செலவுக் கணக்கு

மலிவு விலை வீடு ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்ட தோட்டத் தொழிலாளர் பலருக்குச் சில ஆண்டுகளில் இட நெருக்கடி தோன்றுகிறது. பின்புறத்தில் ஓர் அறை எழுப்ப எண்ணுவது நியாயமே. ஆயினும், கூரை ஏறாமல் பாசி படர்ந்து நிற்கும் சுவர்களையும் நாம் காண்கிறோம். அவற்றுள் பல கணக்கிடாமல் தொடங்கப்பட்டவை. (தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான லயத்து வீட்டுக்கு இக்கட்டுரை பொருந்தாது, அங்கு நிர்வாகத்தின் அனுமதியின்றி எதையும் மாற்றலாகாது.)

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி வீட்டை விரிவுபடுத்த ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. வரைபடக் கூலியும் மனுக் கட்டணமும் பட்டியலின் முதல் வரியில் இடம்பெறட்டும். அனுமதியின்றிக் கட்டியதை இடிக்க நேர்ந்தால், கட்டிய பணமும் இடிக்கும் கூலியும் சேர்ந்தே போகும்.

அடுத்தது அளவு. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறை என்று கொள்வோம். ஒரு பக்கம் பழைய சுவர். புதிய சுவர்களின் மொத்த நீளம் 32 அடி. உயரம் 9 அடியானால் 288 சதுர அடி. கதவுக்கும் இரு சன்னல்களுக்கும் 45 சதுர அடி கழித்தால் எஞ்சுவது 243. அரைக்கல் சுவருக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 6 செங்கல் வீதம் 1,458 கல். உடைசலையும் சேர்த்து 1,500. இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேளுங்கள். பொருளையும் கூலியையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். மின்கம்பி, கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குதல் நலம்.

கடன் பெறுவோர், இலையுதிர் காலத்திலும் மழை மாதத்திலும் கைக்கு வரும் சம்பளத்தை வைத்தே தவணையைக் கணக்கிட வேண்டும். 10,000 வெள்ளியை நிலையான 5 விழுக்காட்டு வட்டிக்கு 5 ஆண்டுகளுக்குப் பெற்றால் வட்டி மட்டும் 2,500 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 208 வெள்ளி. மரம் சீவ இயலாத நாள்களுக்காகத் தவணை குறையாது. ஊழியர் சேமநிதியின் வீட்டுக்கான மீட்பு, வீடு வாங்கவும் கட்டவுமே உரியது, விரிவாக்கத்திற்கு அன்று. 2024 மே முதல் உள்ள நெகிழ்வுக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். அது முதுமைக்கான சேமிப்பின் ஒரு பகுதி என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

குத்தகையாளருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அடித்தளம், சுவர், கூரை என வேலை முடிய முடியக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இறுதிப் பகுதியை ஒரு பெருமழை பெய்யும் வரை நிறுத்திவைப்பதாக முன்னரே எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கூரை பழைய சுவரைத் தொடும் இடத்தில்தான் பெரும்பாலும் ஒழுகும்.