விளையாட்டுப் பெட்டிக்குள் வந்த தமிழ்

கிள்ளானிலிருந்து வடக்கே கோல சிலாங்கூரை நோக்கிச் செல்லும் சாலையில் காப்பாரை நெருங்குகிறவர்களின் கண்ணுக்குத் தொலைவிலேயே தென்படுவன, கடலோரத்தில் நிற்கும் சுல்தான் சலாவுதீன் அப்துல் அசிஸ் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். அந்த மகா நிலையம் எழும்பிக்கொண்டிருந்த 1980களில், அவ்வட்டாரத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பலவற்றின் லயங்களில், மாலையில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டரைத் தவிர வேறு மின்சாரம் இல்லை. அதே ஆண்டுகளில், கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும், ஓரளவு வசதி கண்ட ஆசிரியர், குமாஸ்தா, அரசாங்க உத்தியோகஸ்தர் குடும்பங்களில், தொலைக்காட்சிப் பெட்டியோடு கம்பியால் பிணைத்த விசைப்பலகை ஒன்று மெல்ல இடம்பிடிக்கத் தொடங்கியது. அதற்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். பிள்ளைகள் அதை விளையாட்டுப் பெட்டியாகவே கொண்டாடினார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கியதாகப் பெற்றோர் அயலாரிடம் சொல்லிக்கொண்டார்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது அசல் யந்திரம் அன்று. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஆப்பிள் 2 என்ற கணினி, கடைகளில் யாரும் வாங்கக்கூடிய சாதாரணச் சில்லுகளைக் கொண்டு ஸ்டீவ் வாஸ்னியாக் அமைத்தது. அதன் மின்சுற்று வரைபடத்தையும் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆகையால் தைவானிலும் ஹாங்காங்கிலும் இருந்த சாமர்த்தியசாலிகளுக்கு அதைப் பார்த்து நகல் செய்வது சிரமமாக இல்லை. வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பே கொண்ட 6502 என்னும் சில்லும், 48 கிலோபைட் நினைவகமும்தான் அதன் முழு ஆஸ்தி. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படத்தைக்கூட அதனுள் வைக்க இயலாது என்றாலும், அந்தச் சிறு இடத்துக்குள் அக்காலத்துக் கலைஞர்கள் சில அபூர்வ உலகங்களைப் படைத்துவிட்டார்கள்.

அவ்வுலகங்கள் 140 கிலோபைட் கொள்ளும் ஐந்தேகால் அங்குல வட்டுகளில் கோலாலம்பூரின் இம்பி பிளாசாவிலும், பிற்காலத்தில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக் கடைகளிலும் விலைபோயின. அசலை வாங்கியவர் மிகச் சிலர். நகலெடுத்துத் தரும் கூலிக்கும் வெறும் வட்டின் விலைக்கும் உரிய வெள்ளியைக் கொடுத்து வாங்கிப் போனவரே பலர். வட்டின் ஓரத்தில் காகிதம் துளைக்கும் கருவியால் ஒரு வெட்டு வெட்டினால் மறுபக்கத்திலும் எழுதலாம் என்ற வித்தையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்துப் பாதுகாத்தபோதிலும், சட்டப் புத்தகத்துக்கும் சந்தைக்கும் இடையில் இருந்த தூரம் அடுத்த பல ஆண்டுகளுக்குக் குறையவே இல்லை. நிரலாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஜோர்டன் மெக்னர் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', ஐ.பி.எம். கணினிக்கு வந்தபோது, கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில் உள்ள இன்ன சொல்லின் முதலெழுத்து என்ன என்று வினவி, அந்த எழுத்துக்குரிய குப்பியைக் குடித்தால்தான் மேலே போகவிட்டது. நகல் வியாபாரம் அதற்கும் மாற்றுக் கண்டது. கையேட்டையே ஒளிநகல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்!

அதே மெக்னர் 1984இல் செய்த 'கராத்தேகா'வில் வேறொரு வேடிக்கை உண்டு. வட்டைத் தலைகீழாகச் செருகினால், விளையாட்டு முழுவதும் தலைகீழாகத் திரையில் தோன்றும். வியாபார லாபம் எதுவும் தராத அந்தக் குறும்புக்காக வட்டின் மறுபக்கம் முழுவதையும் செலவழிக்க ஒரு மனிதர் துணிந்தார் என்பதைப் பார்க்கும்போது, அக்காலத்து நிரலாளர் தொழிலாளியாக அல்லாமல் கலைஞராகவே இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. டக்ளஸ் ஸ்மித் இயற்றிய 'லோட் ரன்னர்' 1983இல் வந்தது. அதில் 150 கட்டங்கள் இருந்ததோடு, விளையாடுபவரே புதுக்கட்டங்களை அமைத்துக்கொள்ளும் கருவியும் இருந்தது. ஏணியும் சுவரும் பொன்னும் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையைப் பெற்ற பிள்ளை, திரையில் காண்பதெல்லாம் யாரோ ஒருவர் புள்ளி புள்ளியாக வைத்தவை என்பதையும், தானும் அப்படி வைக்கலாம் என்பதையும் உபதேசம் இல்லாமலே கற்றுக்கொண்டது.

ஆயினும், எத்தனையோ உலகங்களைக் காட்டிய அந்தப் பெட்டிக்கும் ஓர் எல்லை இருந்தது. கட்டளைகள் ஆங்கிலம், கையேடு ஆங்கிலம், வெற்றியும் தோல்வியும் ஆங்கிலம். தமிழ்ப் பள்ளியில் படித்து வந்த பிள்ளை தன் பெயரைத் தன் எழுத்தில் அதனிடம் சொல்ல வழியே இல்லை. இந்தக் குறையை முதலில் நீக்க முற்பட்டது எந்த அரசாங்கமும் அன்று, எந்தப் பெரிய கம்பெனியும் அன்று. சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் கண்விழித்து உழைத்த தனிமனிதர்கள். கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் என்பார் 1984ஆம் ஆண்டளவில் 'ஆதமி' என்ற தமிழ் எழுதும் மென்பொருளைச் செய்தார். அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1985இல், நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் முத்து நெடுமாறன் தொடங்கியது 'முரசு'. கேரித் தீவு மண்ணில் வேர்கொண்ட குடும்பம் அவருடையது. தந்தையார், 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருந்தொகையை 1997இல் நமக்களித்த கவிஞர் முரசு நெடுமாறன்.

அந்த நாட்களில் கணினியில் தமிழை ஏற்றுவது எத்தகைய பிரயாசை என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1981இல் வந்த ஐ.பி.எம். கணினி, திரையை 80 பத்தியும் 25 வரியுமாகப் பகுத்து, ஒவ்வோர் அறைக்கும் ஓர் எழுத்து என்று ஒதுக்கியிருந்தது. அக்காலத்து வண்ணத்திரை அட்டையில் ஓரறை என்பது அகலத்தில் எட்டுப் புள்ளி, உயரத்தில் எட்டுப் புள்ளி. ஆங்கில 'ஐ' எழுத்துக்கும் 'எம்' எழுத்துக்கும் ஒரே அகலம் போதும் என்று வைத்த அந்த ஏற்பாட்டில், நம்முடைய 'ட'கரம் சௌகரியமாக அமர்ந்தாலும், மூன்று சுழி 'ண'கரமும் 'ஞ'கரமும் எட்டுப் புள்ளிக்குள் எப்படி அடங்கும்? மேலே விசிறி விரியும் 'கீ'யும், கீழே வளைந்திறங்கும் 'மூ'வும் எட்டு வரி உயரத்தில் எவ்வாறு தெளியும்? போதாக்குறைக்கு, அந்த எழுத்துருவங்கள் அழிக்க முடியாத சில்லில் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே, தமிழ் செய்ய நினைத்தவர் அந்த எழுத்தறைகளைக் கைவிட்டு, விளையாட்டுச் செய்கிறவர்கள் பயன்படுத்திய வரைகலைத் திரைக்கே போக வேண்டியதாயிற்று. ஏணியில் ஏறும் மனிதனை எப்படிப் புள்ளிகளால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தார்களோ, அப்படியே 'அ'வையும் 'ஆ'வையும் வரைய வேண்டும். யந்திரத்தைப் பொறுத்தவரை அகரமும் ஒரு சித்திரமே. எழுத்தாகவே பிறந்த ஆங்கிலம் கண்ணிமைப்பதற்குள் திரையில் விழ, சித்திரமாக நுழைந்த தமிழ் சற்றுப் பின்தங்கியே வந்தது.

இரண்டாவது இடர் எண்ணிக்கை. ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ஒரு பைட்டில் அடங்குவன 256 எண்களே. அவற்றில் முற்பாதி 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விட, எஞ்சிய 128இல் தமிழின் 247 எழுத்துகளையும், அவற்றோடு கிரந்த எழுத்துகளையும் குடியேற்ற வேண்டும். ஆனால் தமிழ் லிபியின் அமைப்பிலேயே ஒரு சலுகை இருந்தது. கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனியே ஒருமுறை வைத்துக்கொண்டால் எல்லா மெய்களோடும் சேர்க்கலாம். உகர, ஊகார வரிசைகள் மட்டுமே ஒழுங்குக்குக் கட்டுப்படாமல் 'கு', 'டு', 'மு' என்று ஆளுக்கொரு வடிவம் கொள்வதால் அவற்றை முழு உருவத்தோடு வைக்க வேண்டும். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகரமேறிய மெய் 18, உகரம் 18, ஊகாரம் 18 என்று கூட்டினால் 85. அவற்றோடு துணைக்குறிகளும் கிரந்தமும் சேர, 128க்குள் காரியம் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டு அரசு 1978இல் 13 எழுத்துகளின் வடிவைச் சீர்திருத்தி, 'ணா', 'றா', 'லை' முதலியவற்றைப் பொது ஒழுங்குக்குக் கொண்டுவந்திராவிட்டால் இந்தக் கணக்கு இன்னும் இறுகியிருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது இதே சங்கடத்தை எதிர்கொண்டு, அழுத்தினாலும் தாள் நகராத விசைகளைக் கொண்டு, எழுத்தின் மேல் புள்ளியும் விசிறியும் ஏறும்படி செய்தார். எழுத்தைத் துண்டாக்கி மறுபடி சேர்க்கும் அவ்வித்தை, கணினியில் உருமாறி மீண்டும் தலைகாட்டியது.

அச்சிடுவதும் எளிதாக இருக்கவில்லை. அன்றைய புள்ளி அச்சுப்பொறியின் தலையில் நிமிர்ந்து நின்றவை ஒன்பது ஊசிகள். தமிழ் எழுத்து ஒன்றை முழுதாகப் பதிக்க அத்தலை ஒரே வரியை இருமுறை ஓட வேண்டியிருந்தது. கிறீச்சிடும் அந்த ஓசையோடு வெளிவந்த திருமண அழைப்பும், கோயில் திருவிழா அறிவிப்பும், சங்கக் கூட்ட அறிக்கையும் பார்வைக்குச் சிறிது கரடுமுரடாக இருந்தாலும், அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் ஆளுக்காகக் காத்திராமல் வீட்டிலிருந்தபடியே தமிழை அச்சிட முடிந்தது.

தட்டச்சு அறியாதவரையும் எழுத வைத்தது இன்னொரு யுக்தி. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிப்படி 'அம்மா' என்று தட்டினால், மென்பொருளே இடைவிடாமல் கவனித்து, மகர மெய்யையும் 'மா'வையும் பிரித்தறிந்து, திரையில் தமிழாக மாற்றிவிடும். பின்னாளில் 'முரசு அஞ்சல்' என்று பெயர்கொண்ட மென்பொருளின் அஞ்சல் விசைமுறை இவ்வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தின் தோளில் ஏறித் தமிழ் எழுதுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும், தமிழ்த் தட்டச்சைப் பழக வாய்ப்பே கிட்டாத ஒரு தலைமுறையை எழுத வைத்த உபகாரத்தின் முன் அந்த வருத்தம் சிறியது என்பதே என் அபிப்பிராயம்.

இதற்குள் பலரும் களமிறங்கிவிட்டார்கள். மலேசியாவிலேயே 'துணைவன்', 'நளினம்' என்னும் மென்பொருள்கள் தோன்றின. சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வழங்கினார். வளம் பெருகியதோடு குழப்பமும் பெருகிற்று. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்திருந்தமையால், ஒருவர் மென்பொருளில் எழுதிய கவிதை மற்றவர் மென்பொருளில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னையில் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. பல தேசத்துத் தமிழர்கள் கலந்து பேசி 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் அமைப்பு பிறந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூருக்கே வந்தது. முடிவில் எல்லா மொழிகளுக்கும் இடமளித்த யூனிகோடு இந்தச் சச்சரவைத் தீர்த்தது. முத்து நெடுமாறன் வடித்த 'இணைமதி' எழுத்துரு இன்று ஆப்பிள் கணினிகளிலேயே கூடவருகிறது; 2005இல் அவருடைய 'செல்லினம்' கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுபோயிற்று.

விளையாட்டுகளைப் பற்றி உலகம் கவலைப்படத் தேவையில்லை. 'லோட் ரன்னர்' ஆயிரம் இடங்களில் பத்திரமாக இருக்கிறது. ஐ.பி.எம். கணினிகளில் ஓடிய பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டிக்காட்டும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கவலை நம்முடைய ஆதித் தமிழ் மென்பொருள்களைப் பற்றியது. அவை சொற்பப் பிரதிகளே விற்றவை. அவற்றைக் கொண்டு எழுதிய கதைகளும், சங்கக் குறிப்புகளும், பள்ளி ஆண்டுமலர்களும் இன்னும் பழைய எண்முறையிலேயே வட்டுகளில் உறங்குகின்றன. காந்தப்பூச்சுக் கொண்ட வட்டுக்கு நம் நாட்டின் ஈரக்காற்றைவிடப் பெரிய சத்துரு இல்லை. பூஞ்சை படர்ந்தால் எழுத்தோடு பூச்சும் உதிர்ந்துவிடும்.

ஆகையால், காப்பாரிலோ கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்கள் வீட்டு அலமாரியின் மூலையில் அத்தகைய வட்டுகள் இருக்குமானால், தயவுசெய்து தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது குப்பையில் எறிந்துவிடாதீர்கள். முதலில் உறையின் மேல் எழுதியிருப்பதைப் படமெடுத்து வையுங்கள். வெண்மையாகப் பூஞ்சை தெரியும் வட்டை எந்தக் கருவியிலும் செருகாதீர்கள். அது கருவியின் தலையையும் கெடுத்து, அடுத்த வட்டையும் கெடுக்கும். கிரீஸ்வீசல் போன்ற சிறு மின்பலகையால் பழைய வட்டு இயக்கியை இன்றைய கணினியோடு இணைத்து, காந்தத் தடங்களை அப்படியே பிரதியெடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்து, கையேட்டோடும் அட்டைப்பெட்டியோடும் சேர்த்து அவரிடம் ஒப்படையுங்கள்.