நூறு வெள்ளிப்பணம் சில்லறைக் காசா?

எங்கள் தமிழ்ச் சபைக்கு முழுநேரப் போதகர் இல்லை. நாங்கள் நான்கு பேர் முறைவைத்துப் பிரசங்கம் செய்கிறோம். ஒருவரும் இறையியல் படித்தவர் அல்லர். இருவர் கணக்கு வேலைக்காரர். கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் இரவு வேலை முடித்து, கண் சிவந்து வருபவர்கள்.

ஒருமுறை மத்தேயு 18ஆம் அதிகாரத்துக் கடன்காரன் உவமையை எடுத்தோம். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனுக்கு ராஜா முழுவதையும் தள்ளுபடி செய்கிறார். அவனோ வெளியே போய், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். "வெறும் சில்லறைக் காசுக்காக" என்று அழுத்திச் சொல்லி முடித்தோம். தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஒரு ஐயா கிட்ட வந்தார். சீட்டுக் கட்டி ஏமாந்தவர்.

"தம்பி, அந்த நூறு எத்தினை நாள் உழைப்பு எண்டு பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. வணிகவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு பார்க்காமல் விட்டது வெட்கம்தான்.

விடை இரண்டு அதிகாரம் தள்ளி இருக்கிறது. மத்தேயு 20இல் திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம். மூலத்தில் இரண்டும் ஒரே நாணயம், உரோமரின் தெனாரியம். அப்படியென்றால் நூறு வெள்ளிப்பணம் நூறு நாள் கூலி; வாரம் ஆறு நாள் உழைத்தாலும் ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். வருடத்துக்கு 300 வேலைநாள் என்றால் 20 வருட உழைப்பு. பதினாயிரம் தாலந்தை அடைக்க இரண்டு லட்சம் வருடம் வேண்டும்!

நோகிற கடனைத்தான் உவமை மன்னிக்கச் சொல்கிறது. நாங்கள் அதைச் சில்லறை ஆக்கி, அந்த ஐயாவின் நோவையும் சில்லறை ஆக்கிவிட்டோம்.

இப்போது காசோ அளவோ வந்தால் உழைப்பு நாளாக மாற்றித்தான் எழுதுகிறோம். டொலரில் சொல்வதில்லை, ஆளுக்கு ஆள் சம்பளம் வேறு, ஒரு நாள் களைப்பு எல்லாருக்கும் தெரியும். 'தாலந்து' பெரிய நிறை வெள்ளி என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது பாட்டு, நடனத் திறமை. (அந்தப் பொருளும் மத்தேயு 25இன் உவமையிலிருந்து வந்ததுதான்.) 'கிருபாதாரபலி' போன்ற சொல் ஒரு பிரசங்கத்துக்கு ஒன்றுதான், அதுவும் விளக்கத்தோடு.

வியாழன் இரவு, எழுதியதை அந்த ஐயாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறோம். "பொறும்" என்று அவர் மறித்த இடத்தைத் திருத்திவிட்டுத்தான் படுக்கப் போகிறோம்.