மயூரன் சுகுமாரனின் சிறை ஓவியங்கள்

மயூரன் சுகுமாரன் (ஏப்ரல் 17, 1981 – ஏப்ரல் 29, 2015) இந்தோனேசியாவில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட ஆத்திரேலியத் தமிழர் ஆவார். மரணதண்டனை பற்றிய விவாதத்தில் இவரது ஓவியங்கள் முக்கிய இடம் பெறுகின்றன.

பின்னணி

இலண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்த இவர், பாலித் தீவிலிருந்து எட்டு கிலோவுக்கும் அதிகமான எரோயினைக் கடத்த முயன்ற ஒன்பது பேரில் ஒருவராக 2005 ஏப்ரலில் கைதானார். 2006 பெப்ரவரி 14 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது.

சிறையில் ஓவியம்

கெரோபோக்கான் சிறையில் சக கைதிகளுக்குக் கணினி, ஆங்கிலம், ஓவியம் ஆகிய வகுப்புகள் தொடங்க உதவினார். 2012 முதல் ஓவியர் பென் குவில்ட்டி இவருக்குப் பயிற்சியளித்தார். இவர் தன்னுருவ ஓவியங்கள் பலவற்றை வரைந்தார். 2015 பெப்ரவரியில் கர்ட்டின் பல்கலைக்கழகம் நுண்கலையில் இணைநிலைப் பட்டம் வழங்கியது.

எழுப்பிய கேள்வி

சிறைத் தலைமை அதிகாரியே 2010 இல் நீதிமன்றத்தில் இவரது நன்னடத்தைக்குச் சாட்சியம் அளித்திருந்தார். எனினும் 2014 திசம்பரில் குடியரசுத் தலைவர் சோக்கோ விடோடோ கருணை மனுவை நிராகரித்தார். குற்றம் புரிந்த இளைஞரும் தண்டனையை எதிர்கொண்ட ஓவியரும் ஒருவரே எனினும், ஒரே மனிதரா என்பதே இவ்வழக்கு எழுப்பிய கேள்வியாகும்.

2017 இல் சிட்னியை அடுத்த கேம்பல்டவுனில் இவ்வோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. புலம்பெயர்ந்தோர் தடுப்பு முகாம் குறித்து வரைகதை படைத்த சப்தர் அகமது உள்ளிட்ட கலைஞர்களின் ஆக்கங்களும் உடன் இடம்பெற்றன.

சட்ட மாற்றம்

இந்தோனேசியா 2022 திசம்பரில் நிறைவேற்றிய புதிய குற்றவியல் சட்டத்தின்படி, மரணதண்டனை பெற்றவருக்குப் பத்தாண்டு நன்னடத்தைக் காலம் வழங்கலாம். திருந்தியவரின் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்படலாம். சுகுமாரன் தீர்ப்புக்குப்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.