கொழும்புத் துறையில் பரங்கியர்

ஐரோப்பியக் கப்பல்கள் முதன்முதலில் வந்தபோது கரையிலிருந்த மக்களின் கண்ணுக்கு அவை தெரியவே இல்லை என்றொரு கதை இணையத்தில் உலவுகிறது. பழக்கமில்லாத பொருளை மூளை ஏற்காது என்று அதற்கு விளக்கமும் தரப்படுகிறது. இது உண்மையன்று. 1770 ஏப்ரலில் ஜேம்ஸ் குக்கின் கப்பல் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவுக்குள் நுழைந்தபோது, அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்று உடன் சென்ற ஜோசப் பேங்க்ஸ் நாட்குறிப்பில் எழுதினார். கரையிறங்க முயன்றவர்களை இருவர் ஈட்டியுடன் எதிர்த்து நின்றதையும் அவரே எழுதியுள்ளார். கதை சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

கரையிலிருந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதற்கு இலங்கையில் நல்ல சான்று உண்டு. போர்த்துக்கீசிய அரசப்பிரதிநிதியின் மகன் லோரன்சோ டி அல்மெய்டா 1505இல் (1506 என்பாரும் உளர்) காற்றால் திசைமாறி இலங்கையை அடைந்தார். கொழும்பிலிருந்து கோட்டே அரசனுக்குச் சென்ற செய்தியைப் பிற்காலச் சிங்கள நூலான இராஜாவலிய கூறுகிறது. வந்தவர்கள் வெண்ணிறத்தவர், இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் அணிபவர்கள், ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நடப்பவர்கள், கல்லைத் தின்று இரத்தம் குடிப்பவர்கள், ஒரு மீனுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பொன்னும் வெள்ளியும் தருபவர்கள். அவர்களுடைய பீரங்கி இடியினும் பெரிதாக முழங்கிக் கருங்கல் கோட்டையையும் தகர்க்கும்.

கல் என்பது ரொட்டி. இரத்தம் என்பது திராட்சை மது. இதை அறியாமை என்று சிரிப்பது எளிது. ஆனால் விலை தெரியாமல் வாங்குகிறார்கள் என்பதையும், பீரங்கியின் வலிமையையும் முதல் பார்வையிலேயே கணித்த கண்கள் அவை. கப்பல் அவர்களுக்குப் புதிதன்று. அரபு வணிகர் வந்துகொண்டிருந்தனர். சீனத் தளபதி செங் ஹேயின் பெருங்கப்பல்களும் வந்து சென்றிருந்தன. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அவரது கல்வெட்டு 1911இல் காலியில் கிடைத்தது.

சண்டை வேண்டாம் என முடிவு செய்த கோட்டே அவையினர், தலைநகர் வெகுதொலைவில் இருப்பதாகக் காட்டப் போர்த்துக்கீசத் தூதரை மூன்று நாள் சுற்றுவழியில் அழைத்துச் சென்றனராம். உண்மையில் அது சில மணிநேர நடைதான். பரங்கி கோட்டே போன கதை என்னும் பழமொழி சிங்களத்தில் இன்றும் வழங்குகிறது. தந்திரம் நெடுநாள் உதவவில்லை. 1518இல் கொழும்பில் போர்த்துக்கீசக் கோட்டை எழுந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசும் வீழ்ந்தது.

பரங்கி என்னும் சொல் ஐரோப்பியரைக் குறித்த 'பிராங்க்' என்பதிலிருந்து அரபு, பாரசீகம் வழியாக வந்தது. தாம்பரம் மின்தொடர் வண்டித் தடத்திலுள்ள பரங்கிமலையின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது.