இருமல் மருந்து

தடுமன் பிடியாத மனிதர் உலகில் இலர். அதனை விளைப்பன வைரஸ் என்னும் நுண்கிருமிகள். பாக்டீரியாக்களைக் கொல்லும் பெனிசிலின் இவற்றை ஒன்றும் செய்யாது. பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கும். குளோர்பெனிரமின் மூக்குநீரைக் குறைக்கும். கிருமியை வெல்வதோ உடலே; அதற்குச் சில நாள்கள் வேண்டும்.

அந்தச் சில நாள்களைப் பொறாமல், குழந்தை இருமியவுடன் இனிப்பு மருந்தைத் தேடுவோர் பலர். இருமல் என்பது காற்றுக்குழாயில் சேர்ந்த சளியை வெளியே தள்ள உடல் செய்யும் முயற்சியாகும். அதனை அடக்கப் புகுந்த அன்பு துயராய் முடிந்ததும் உண்டு. 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில், இருமல் மருந்து உண்ட குழந்தைகள் பலர் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். அம்மருந்து தமிழ்நாட்டில் செய்யப்பட்டது. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் கலந்திருந்தது. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்ததும் இந்நஞ்சே. நிறமற்றது, இனிப்பது, மருந்தைக் கரைக்க உதவும் நல்ல திரவத்தினின்று இதனைக் கண்ணாலும் நாவாலும் பிரித்தறிதல் அரிது. ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு இருமல் மருந்து எழுதித் தரலாகாது என மைய அரசு 2025-இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஓய்வும், போதிய நீரும், ஒரு வயது கடந்த குழந்தைக்குச் சிறிது தேனும் பெரும்பாலும் போதும். மூச்சுத் திணறினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.