தாத்தாவின் பெயரை எழுதிய மை: தோட்ட அலுவலக மேசை நமக்கு விட்டுச்சென்றது என்ன?

தாத்தா பாட்டி வீட்டு அலமாரியில பழைய தகரப் பெட்டி ஏதாவது இருக்கா? பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, மடிப்பு கிழிஞ்ச கடிதம்னு எது இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. முதல்ல எழுத்தோட நிறத்தைப் பாருங்க. பழுப்பா, கருநீலமா, ஊதாவா? அந்தத் தாளை எப்படிக் காப்பாத்தணும்னு அந்த நிறமே சொல்லும்.

இறகுப் பேனாவா?

இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆலைகள் எஃகு நிப்புகளை மலிவாகச் செய்து குவிக்கத் தொடங்கின. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகிய 1900களின் தொடக்கத்தில், அலுவலக மேசைகளில் இருந்தது மரப்பிடியில் நிப் செருகிய தொட்டெழுதும் பேனா. பக்கத்தில் மைக்கூடு, மை ஒற்றும் தாள். ஆனா பெயர்ல இறகு இன்னும் ஒட்டிட்டிருக்கு. தமிழ் ‘பேனா’, மலாய் ‘பெனா’ ரெண்டுமே இறகு என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. ‘மேசை’யும் ‘மெஜா’வும் அதே மொழி தந்தவைதான்.

அந்தப் பேனா யார் கையில்?

கிராணியின் கையில். மலாயில் இன்றும் ‘கெரானி’ என்கிறோமே, அதே சொல். தோட்டக் கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத் தமிழர்கள், மலையாளிகள். லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் என நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து, செக்ரோலில் பதிவது வழக்கம். பெயருக்கு நேரே குறி விழவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். விட்டுப்போன ஒரு குறியின் விலை அவ்வளவு.

எழுத்துப் பிழை ஏன் பெரிய விஷயம்?

படிக்கத் தெரியாதவர்கள் கட்டைவிரலை மையில் தொட்டு ரேகை வைத்தார்கள். தங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று அவர்களால் சரிபார்க்க முடியாது. அதனால ஒரே முனியாண்டி ஒரு தாள்ல ‘முனியண்டி’, இன்னொண்ணுல ‘முனாண்டி’ ஆகியிருக்கலாம். அவசரகாலத்தில், 1948இல் அடையாள அட்டை வந்தபோது அதிலும் பெயர் எழுத்துக்கூட்டப்பட்டது. ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிவதற்காக 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. உங்க வீட்டுத் தாள்கள்ல பெயர் எப்படி எப்படி இருக்குன்னு இப்பவே ஒப்பிட்டுப் பாருங்க.

நிறம் என்ன சொல்லுது?

கருநீலம் அல்லது பழுப்பு என்றால் அது இரும்பு மையாக இருக்கலாம். மரக்காய்களின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி உப்பும் சேர்ந்தது அது. தமிழ்நாட்டில் கடுக்காயைக் கொண்டும் இதே முறையில் மை காய்ச்சினார்கள். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளில் ஊறிவிடும். எளிதில் அழிக்க முடியாது என்பதால் பதிவேடுகளுக்கு இதையே விரும்பினார்கள். ஆனா அதிலுள்ள அமிலம் காலப்போக்கில் தாளை அரிக்கும். நம்ம ஊர் ஈரப்பதம் அதை வேகப்படுத்தும்.

ஊதா என்றால் மைப் பென்சிலாக இருக்கலாம். தண்ணீர் பட்டால் சாயம் பரவி, எழுத்தே போய்விடும்.

என்ன செய்யலாம்?

- லேமினேட் செய்யாதீங்க. பிறகு பிரிக்க முடியாது.
- கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம். பசை தாளைக் கறையாக்கும்.
- ஈரத்துணியால் துடைக்காதீங்க.
- வெயில் படாத, உலர்ந்த இடத்தில் உறைக்குள் தட்டையாக வையுங்க.
- இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து, குடும்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்க.

பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள். மூடப்பட்ட அலுவலகத்தின் பழைய பதிவேடு கண்ணில் பட்டால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் 1957இல் தொடங்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் பாட்டி வீட்டுக்குப் போனால் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தாளிலும் யார் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம்னு கேளுங்க. உறை மேல பென்சில்ல எழுதி வையுங்க. இந்தத் தடவை பெயரைச் சரியா எழுத வேண்டியது நீங்கதான்.